தண்ணி கட்டிட்டு வாண்ணா

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தமிழ் டீச்சர் எழுதியிருக்கிறார். ஆறு பக்கக் கடிதம். அவருடைய வார்த்தைகளிலேயே சுருக்கித் தருகிறேன்.

"அப்பாவுக்கு வயது 72. தென்னந்தோப்பு வைத்திருந்தார். ஆனி மாதம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கேஷுவாலிட்டியில் டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது. நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்து மீட்டார்கள். மூன்றாம் நாள் பேச்சு வந்ததும் அப்பா சொன்னது இது: 'சின்னவன் வாய்க்கா மேட்டுல நின்னுட்டிருந்தான். நல்ல வெளிச்சம். நானும் வர்றேன்னு எறங்கினேன். நீ போயி தண்ணி கட்டிட்டு வாண்ணான்னு திருப்பி அனுப்பிட்டான்.' சின்னவன் என்றது என் சித்தப்பாவை. அவர் தவறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

வீட்டுக்கு வந்து நாற்பது நாள் நன்றாகத்தான் இருந்தார். ஆவணியில் தோப்பிலேயே விழுந்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பையன் நெஞ்சை அழுத்தினான். ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரி போய், இதயம் மறுபடி ஓட அரை மணி நேரம் ஆனது. வென்டிலேட்டரில் வைத்தார்கள். கண் திறக்கவே இல்லை. நாலாம் நாள் கிட்னியும் போய்விட்டது என்றார்கள். 'இனி நின்றால் மறுபடி அழுத்த வேண்டுமா' என்று கேட்டார்கள். எஞ்சினீயர் தம்பி பெங்களூரிலிருந்து வந்து சேரவில்லை. வேண்டாம் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். அன்று ராத்திரி அம்மா சொன்னபடி அவர் வலது காதில் சிவாயநம சொன்னேன், என்னென்னவோ பேசினேன். விடியற்காலையில் போய்விட்டார்.

மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தால் அப்படித்தான் ஏதாவது தெரியும், அவ்வளவுதான் என்கிறான் தம்பி. அம்மா ஒரு குறிக்காரரிடம் போகிறார். காலம் முடியும் முன்னே அனுப்பிவிட்டீர்கள், ஆத்மா வாய்க்காலிலேயே நிற்கிறது என்று சொல்லி, போகும்போதெல்லாம் பூஜைக்குப் பணம் வாங்குகிறார். சாயங்காலமானால் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்கிறார் அம்மா. உயிருக்கு 21 கிராம் எடை என்று விஞ்ஞானமே நிரூபித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. டாக்டர், அப்பா பார்த்தது நிஜமா? நான் பேசியது அவருக்குக் கேட்டிருக்குமா? முதல் தடவை திரும்பி வந்தவர், விட்டிருந்தால் இன்னொரு தடவையும் வந்திருப்பாரா?"

அன்புள்ள டீச்சர்,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆறு பக்கத்தில் அதற்கு நீங்கள் கொடுத்த இடம் ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் அந்த வரியைச் சுற்றித்தான் ஓடுகிறது என்று எனக்குப் பட்டது.

வந்திருக்க மாட்டார்.

முதல் தடவை நின்றபோது டாக்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார், ஷாக் மெஷினும் இருந்தது. சில நிமிடத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் தடவை அரை மணி நேரம். ரத்த ஓட்டம் நின்றால் பத்து இருபது விநாடிக்குள் நினைவு போய்விடும். நாலைந்து நிமிடம் தாண்டினால் மூளையின் செல்கள் கெட ஆரம்பிக்கும். அந்தப் பையன் அழுத்தியது பெரிய காரியம், அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆனாலும் எவ்வளவு நன்றாக அழுத்தினாலும் இதயம் தானாகத் தள்ளும் ரத்தத்தில் கால்பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் ஓடும். உங்கள் அப்பா நாலு நாள் கண் திறக்காததற்கும், பிறகு கிட்னி போனதற்கும் காரணம் அந்த அரை மணி நேரம்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டன் மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று. ஆஸ்பத்திரிக்குள்ளேயே, எல்லா வசதியும் பக்கத்தில் இருக்கும்போது இதயம் நின்றவர்கள் 567 பேர். உயிரோடு வீடு திரும்பியவர்கள் 53. அப்பாவைப் போல ஏற்கெனவே மூளையும் கிட்னியும் அடிபட்டுக் கிடந்தவருக்கு அந்த விகிதம்கூடக் கிடைக்காது.

நெஞ்சை அழுத்துவது என்றால் என்ன என்பதை ஐசியூ கதவுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல். எழுபது தாண்டியவரின் விலா எலும்பு காய்ந்த சுள்ளி மாதிரி ஒடிவது அழுத்துகிறவன் உள்ளங்கைக்குத் தெரியும். என் கைக்குத் தெரிந்திருக்கிறது. பிழைக்க வழியிருக்கும் இடத்தில் அது ஒரு பொருட்டே இல்லை, ஒடியட்டும் என்று அழுத்துவோம். வழியில்லாத இடத்தில் அதைச் செய்யாமல் விடுவதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் முறையாக வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டது அந்த வகைக் காகிதத்தில். அப்பாவை அனுப்பிவிடலாமா என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை டீச்சர். போய்க்கொண்டிருக்கிறவரின் நெஞ்சில் ஏறி அழுத்தட்டுமா என்றுதான் கேட்டார்கள்.

இனி அப்பா பார்த்ததைப் பற்றி.

நிஜமா என்று கேட்டால், அவர் அதைப் பார்த்தது நிஜம். மூன்று நாள் மயக்கத்தில் கிடந்து எழுந்தவர் கதை கட்ட மாட்டார். நெதர்லாந்தில் பிம் வான் லோம்மெல் என்ற இதய மருத்துவர், பத்து மருத்துவமனைகளில் இதயம் நின்று மீண்ட 344 பேரிடம் விசாரித்து 2001-இல் எழுதினார். இதே மாதிரி ஏதோ ஒன்றைச் சொன்னவர்கள் 62 பேர். வெளிச்சம், சமாதானம், செத்துப்போன சொந்தக்காரர்கள், ஒரு எல்லை, அங்கிருந்து திரும்பி வருவது. உங்கள் தம்பியிடம் நான் இந்தக் கணக்கைத்தான் வைப்பேன். ஆக்சிஜன் குறைந்தது 344 பேருக்கும்தானே, பிறகு ஏன் 62 பேர் மட்டும்? காரணம் ஆக்சிஜன் ஒன்றுதான் என்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது. மூளையின் வேலையாகவே இருக்கலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதற்காக "அவ்வளவுதான்" என்று கையைத் தட்டிவிட்டுப் போகிற அளவுக்கு விஷயம் இன்னும் தெளிவாகிவிடவில்லை. எஞ்சினீயர்களுக்கு இந்த "அவ்வளவுதான்" சீக்கிரம் வந்துவிடுகிறது.

எனக்கு இதில் சுவாரசியமே வேறு இடத்தில். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் இயான் ஸ்டீவன்சனும் 1986-இல், இந்தியாவில் செத்துப் பிழைத்ததாகச் சொன்ன 16 பேரின் அனுபவத்தை எழுதினார்கள். இவர்களை எமதூதர்கள் வந்து கூட்டிப் போகிறார்கள். அங்கே ஒருவர் ஏட்டைப் புரட்டுகிறார். ஆள் மாறிப்போச்சு, இவன் இல்லை, கொண்டுபோய் விடுங்கள் என்கிறார். நம் தாலுகா ஆபீஸ் மாதிரியேதான். நெதர்லாந்துக்காரர்கள் யாரும் ஏட்டைப் பார்த்ததாகச் சொல்லக் காணோம். உங்கள் அப்பாவுக்கோ எமதூதனும் வரவில்லை, ஏடும் வரவில்லை. வாய்க்கால் மேடு வந்தது, தம்பி வந்தார், தண்ணி முறை வந்தது. ஆழியாற்றிலிருந்து இத்தனை தண்ணீர் விட்டார்களா இல்லையா என்று வருஷா வருஷம் சண்டை நடக்கிற பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில், செத்தவர்கள்கூட வேறு எதைப் பேசப் போகிறார்கள்? அந்தக் காட்சிக்கு வேண்டிய வாய்க்கால், வெளிச்சம், தம்பியின் குரல் எல்லாம் உங்கள் அப்பாவின் எழுபத்திரண்டு வருஷத்திலிருந்து எடுத்தவை. அது மறுவுலகத்தின் வரைபடம் என்று எனக்குத் தோன்றவில்லை. மறுவுலகம் ஒன்றே ஒன்று இருந்து, எல்லோரும் அதைத்தான் எட்டிப் பார்த்து வருகிறார்கள் என்றால், ஊருக்கு ஊர் இவ்வளவு மாறுமா?

எப்போது பார்த்தார் என்பது இன்னொரு சிக்கல். இதயம் நின்றிருந்த நிமிடத்திலா, நெஞ்சை அழுத்தும்போதா, மூன்று நாள் மயக்கம் தெளிந்துவரும் வழியிலா? பார்த்தவராலேயே சொல்ல முடியாது. பொள்ளாச்சி பஸ்ஸில் நாட்டுக்கல் வரும்போது கண் அசந்திருக்கும். ஒரு கல்யாணமே நடந்து முடிகிற அளவுக்கு நீளமாகக் கனவு வரும். விழித்துப் பார்த்தால் பஸ் கோபாலபுரம் செக்போஸ்ட்டைக்கூடத் தாண்டியிருக்காது. தூங்குகிற மூளைக்கே கடிகாரம் இந்த லட்சணம் என்றால், நின்று ஓடிய மூளைக்கு எப்படி இருக்கும்?

இதைச் சோதிக்கவும் பார்த்தார்கள். உடம்பை விட்டு மேலே மிதந்தேன் என்று சிலர் சொல்கிறார்களே என்று, மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி சில ஆஸ்பத்திரிகளில் கூரைப் பக்கம் பலகை அடித்து அதில் படங்களை வைத்தார் சாம் பார்னியா என்ற மருத்துவர். 2014-இல் வந்த அந்த ஆய்வில் 2060 பேருக்கு இதயம் நின்றதைப் பதிவு செய்தார்கள். பெரும்பாலும் பலகை இல்லாத அறையில்தான் நின்றது, அதுவும் உண்மை. எப்படியோ, ஒருவர்கூட அந்தப் படத்தைச் சொல்லவில்லை. மேலே சொன்ன 2023 ஆய்வும் இவருடையதுதான். அதில் பிழைத்துப் பேசும் நிலையில் இருந்த 28 பேரிலும் யாரும் படத்தைச் சொல்லவில்லை.

அப்பா எங்கே போனார் என்பதற்கு, போய் வந்தவர்களின் சாட்சியை நான் ஏற்க மாட்டேன். காரணம் எளிது: அவர்கள் போகவே இல்லை. அப்பாவும் அந்த 62 பேரும் படியிறங்கி வாசல்வரை போய்த் திரும்பியவர்கள். வாசலைப் பற்றிச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளலாம். தெருவைப் பற்றி அவர்களுக்கும் தெரியாது. பக்கவாதம் வந்தவருக்குப் பேச்சு போவதையும், மறதி நோய் வந்த தாய்க்குப் பெற்ற மகன் முகம் போவதையும் தினமும் பார்க்கிற தொழில் எனக்கு. மூளையில் ஒரு மூலை கெட்டால் மனிதனில் ஒரு மூலை போகிறது. முழுதும் போன பிறகு மனிதன் மட்டும் எங்கே தங்குவான் என்பதுதான் என் கேள்வி. ஆகையால் மிச்சம் எதுவும் இல்லை என்பது என் எண்ணம். இது என் எண்ணம்தான், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மனைவி ஆடி அமாவாசைக்குத் தவறாமல் விரதம் இருக்கிறார். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

காதுக்கு வருகிறேன். அஸ்தியைப் பேரூரில் நொய்யலில் கரைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பேரூர் எல்லைக்குள் எந்த உயிர் போனாலும் வலது காது மேலே பார்த்திருக்கும், பட்டீசுவரர் அதில் மந்திரம் ஓதுவார் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஐதீகம். அதை நினைத்துத்தான் அம்மா வலது காது என்று சொல்லியிருப்பார். சாகிறவருக்குக் கடைசியில் போவது காதுதான் என்று எங்கள் நர்சுகளும் சொல்வார்கள். வெகுநாள் அது வெறும் வாய்ச்சொல். 2020-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார், கடைசி மணிநேரங்களில் கூப்பிட்டால் அசையாமல் கிடந்த சிலருக்குத் தலையில் மூளை அலையைப் பதிகிற ஈஈஜி கருவியை மாட்டி, ஒரே மாதிரி ஒலியை ஓடவிட்டு நடுவில் மாற்றிப் பார்த்தார்கள். நல்ல உடல்நிலையில் இருக்கிறவர்களின் மூளை எப்படிக் கவனிக்குமோ, ஏறத்தாழ அப்படியே சிலருடைய மூளை கவனித்தது. ஒலி உள்ளே போகிறது. அது வார்த்தையாகப் புரிந்ததா என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது.

உங்கள் அப்பா விஷயத்தில் நான் கூடுதலாக ஆசை காட்டக்கூடாது. கனடாவில் பார்த்தவர்கள் அப்பாவைப் போல இதயம் நின்று மூளை அடிபட்டவர்கள் இல்லை. ஆனால் 2023-இலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமோ போர்ஜிகின் குழு எழுதியதும் இருக்கிறது. ஏறக்குறைய அப்பா இருந்த நிலையில் இருந்த நாலு பேர்: இதயம் நின்று மீண்டு, நினைவில்லாமல் வென்டிலேட்டரில். கருவியை எடுத்த பிறகு, மூச்சு அடங்கும் நேரத்தில், அந்த நாலு பேரில் இரண்டு பேரின் மூளையில் காமா அலை திடீரென்று எழும்பியது. விழித்து யோசிக்கிறவர்களிடம் பார்க்கிற வகை அலை. அந்த இருவருக்கும் முன்பு வலிப்பு வந்திருக்கிறது, அதனாலும் இருக்கலாம். உள்ளே என்ன ஓடியது என்று எழுப்பிக் கேட்க வழியில்லை. அன்று ராத்திரி நீங்கள் பேசியது சுவரில் பட்டுத் திரும்பியது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அந்த அளவுக்குச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. சாகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள் என்றுதான் நான் எல்லா வீட்டிலும் சொல்லிவருகிறேன்.

21 கிராம் சமாச்சாரம் கிடக்கட்டும். அமெரிக்காவில் டங்கன் மக்டூகல் என்ற டாக்டர், சாகக் கிடந்த ஆறு பேரைக் கட்டிலோடு தராசில் ஏற்றி, 1907-இல் அதை வெளியிட்டார். 21 கிராம் குறைந்தது ஒரே ஒருவருக்கு. இரண்டு பேரின் கணக்கை அவரே தள்ளிவிட்டார், மற்றவர்களுடையது ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பிறகு பதினைந்து நாய்களை நிறுத்துப் பார்த்து, எடை குறையவில்லை, ஆகவே நாய்க்கு ஆத்மா இல்லை என்றார். உங்கள் வீட்டில் நாய் இருந்தால் அந்த வாட்ஸ்அப்பை அதனிடம் காட்டுங்கள்.

அம்மாவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. திண்ணையில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பற்றி இல்லை. 1971-இல் வேல்ஸில் டெவி ரீஸ் என்ற கிராமத்து டாக்டர், துணையை இழந்த 293 பேரை உட்கார்த்திக் கேட்டார். ஏறக்குறைய பாதிப்பேர், போனவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள். சிலர் கண்ணாலேயே பார்த்தார்கள், சிலர் குரல் கேட்டார்கள். அப்படி உணர்ந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கேலி செய்வார்களோ என்று சிலருக்குப் பயம். அம்மா உங்களிடம் சொல்கிறாரே, அது நல்லது. "அங்கே யாரும் இல்லம்மா" என்று திருத்தாதீர்கள். "என்ன சட்டை போட்டிருக்காரு?" என்று கேட்டுப் பாருங்கள். தம்பியையும் கொஞ்சம் வாயை அடக்கச் சொல்லுங்கள். ஒருவேளை திண்ணையிலிருந்து அப்பா ஏதாவது செய்யச் சொல்கிறார், சாப்பிடாதே என்கிறார், கூப்பிடுகிறார் என்று அம்மா சொல்ல ஆரம்பித்தால் அது வேறு விஷயம். அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

குறிக்காரரை நிறுத்துங்கள். சடங்கை நிறுத்தச் சொல்லவில்லை. பேரூரில் செய்யுங்கள், திருவில்வாமலை ஐவர்மடத்தில் பிண்டம் வைத்துப் பிதுர் பலி போடுங்கள், எது வழக்கமோ அது. அதற்கு ஒரு நாள் உண்டு, ஒரு செலவு உண்டு, முடிந்ததும் ஆற்றில் முழுகி எழுந்து வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். குறிக்காரர் சொல்கிற பரிகாரத்துக்கு முடிவே இல்லை. உங்கள் கையெழுத்தைச் சொல்லி உங்கள் அம்மாவிடமே அவர் காசு வாங்குகிறார். அம்மாவிடம் அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று யாராவது விளக்கினார்களா? இல்லை என்று நினைக்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு வாருங்கள், நானே அவருக்குச் சொல்கிறேன். அவ்வளவு தூரம் வர முடியாது என்றால் தீராத நோயாளிகளை வீட்டிலேயே கவனிக்கிற பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்சிடம் சொல்லி வையுங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வேலை இது, 2008-இல் கேரள அரசு அதற்கென்று கொள்கையே கொண்டுவந்தது. அதன் பலனாக நர்ஸ் வீட்டுக்கே வருவார். நோயாளி போன பிறகும் அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிற பழக்கம் அவர்களில் பலருக்கு உண்டு. ராத்திரித் தூக்கம் எப்படி, சாப்பாடு எவ்வளவு, சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சித்தப்பா சொன்னதில் ஏதோ வேலை பாக்கி இருக்கிறது என்று குறிக்காரர் பயமுறுத்துவதாக எழுதியிருந்தீர்கள். ஆனியில் திரும்பி வந்து, நாற்பது நாள் அப்பா என்ன செய்தார் என்பதையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள், மூன்றாம் பக்கத்தில். டாக்டர் படி ஏறாதே என்று சொல்லியும் கேட்காமல் விடிகாலையில் மம்பட்டியோடு போய்விடுவார், அம்மா பின்னாலேயே திட்டிக்கொண்டு போவார் என்று. தோப்பு முழுக்கத் தண்ணி கட்டித்தானே போயிருக்கிறார்? அடுத்த முறை நம் வாய்க்காலில் தண்ணி வருகிற அன்றைக்கு நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, அம்மாவை வரப்பு வரைக்கும் கூட்டிப் போங்கள். மடையைத் திருப்புவது அவருக்குத் தெரியும்.